மேகத்துக்கு மாறிய மென்பொருள் நிறுவனம்: டெவொப்ஸ் முதல் மேகக் கணிமை வரை

மாணவர்களே! "மேகக் கணிமையின் அனுகூலங்கள் இரண்டு தருக" என்று கேட்டால், "செலவு குறையும், எங்கிருந்தும் பயன்படுத்தலாம்" என்று பலரும் எழுதிவிடுவீர்கள். ஆனால் "ஒரு மென்பொருள் நிறுவனம் தனது சேவையகங்களைக் கைவிட்டு மேகத்துக்கு மாறும்போது எவை மாறும்? எவை மாறா?" என்று கேட்டால் திணறுவோரே அதிகம். வரைவிலக்கணத்தை மட்டும் மனனம் செய்தவர் இவ்விடத்தில் புள்ளியை இழப்பார். எனவே உண்மையாக நடந்த ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

1. டெவொப்ஸ் என்றால் என்ன?

மென்பொருள் நிறுவனமொன்றில் செய்நிரல் எழுதுவோர் அபிவிருத்திப் பிரிவினர். அதனைச் சேவையகத்தில் நிறுவி, இரவு பகலாக இயங்க வைப்போர் செயற்பாட்டுப் பிரிவினர். முன்னவருக்குப் புதிய வசதிகளை விரைவாக வெளியிட வேண்டும். பின்னவருக்கு முறைமை குழம்பாமல் ஓட வேண்டும். கோளாறு ஏற்பட்டால் "பிழை உங்கள் செய்நிரலில்", "இல்லை, உங்கள் சேவையகத்தில்" என்ற இழுபறி தொடங்கும்.

2009 ஜூனில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டில், பிளிக்கர் நிறுவனப் பொறியியலாளர் இருவர், இரு பிரிவினரும் இணைந்து ஒரே நாளில் பத்துக்கு மேற்பட்ட தடவைகள் புதிய செய்நிரலை நிறுவும் முறையை விளக்கினர். அதே ஆண்டு ஒக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் இதற்கெனவே ஒரு மாநாடு கூடியது. அதிலிருந்து 'டெவொப்ஸ்' என்ற பெயர் பரவியது. இதன் பிரதான இயல்புகள்:

(அ) எழுதுவதும் இயக்குவதும் ஒரே குழுவின் பொறுப்பு.
(ஆ) சோதித்தலும் நிறுவுதலும் தன்னியக்கமாக நடைபெறும்.
(இ) மாற்றங்கள் சிறிது சிறிதாக, அடிக்கடி வெளியிடப்படும்.

2. டெவொப்ஸ் மட்டும் ஏன் போதாது?

செய்நிரல் ஒரே நாளில் தயாராகலாம். ஆனால் அதனை இயக்கப் புதிய சேவையகம் தேவையெனில், நிதி அனுமதி பெற்று, கொள்வனவு செய்து, பொருத்துவதற்கு வாரக்கணக்கில் ஆகும். மேகக் கணிமை நீக்குவது இத்தாமதத்தையே.

கலியாண வீட்டுக்குக் கதிரையும் கிடாரமும் வாடகைக்கு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று நாள் தேவைக்காக ஐந்நூறு கதிரைகளை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. ஆட்கள் கூடினால் மேலும் எடுப்போம். முடிந்ததும் திருப்பிக் கொடுப்போம். பாவித்த அளவுக்கே பணம். மேகக் கணிமையும் அவ்வாறே. சேவையகம், சேமிப்பிடம் முதலிய வளங்களை இணையத்தினூடாகத் தேவைக்கேற்பப் பெற்று, பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் செலுத்துதல் மேகக் கணிமை எனப்படும். அதன் சேவை வகைகள் மூன்று:

• உட்கட்டமைப்புச் சேவை: மெய்நிகர்ச் சேவையகம், சேமிப்பிடம் என்பன வழங்கப்படும்.
• தளச் சேவை: செய்நிரலை உருவாக்கி இயக்குவதற்கான சூழல் வழங்கப்படும்.
• மென்பொருட் சேவை: முடிவுற்ற மென்பொருளே வழங்கப்படும். உதாரணம்: ஜீமெயில்.

3. உதாரணம்: நெட்பிளிக்ஸ்

அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ் நிறுவனம் தொடக்கத்தில் திரைப்பட டிவிடிகளைத் தபாலில் அனுப்பிவந்தது (இச்சேவை 2023 இல் நிறுத்தப்பட்டது). 2007 இல் இணையவழிக் காட்சியையும் ஆரம்பித்தது. 2008 ஓகஸ்டில் அதன் தரவு மையத்திலிருந்த தரவுத்தளம் பழுதடைந்தது. மூன்று நாட்கள் ஒரு டிவிடியைக் கூட அனுப்ப முடியவில்லை. ஒரே இடத்தில் ஏற்பட்ட பழுது முழு வியாபாரத்தையும் நிறுத்திவிட்டது. இதன் பின்னரே அந்நிறுவனம் அமேசன் வெப் சேர்விசஸ் வழங்கும் மேகத்துக்கு மாறத் தீர்மானித்தது. செலவைக் குறைப்பது இத்தீர்மானத்தின் பிரதான காரணமன்று என்பதைக் கவனிக்க.

மாற்றம் முடிவுற்றது 2016 ஜனவரியில். ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஏன் சென்றது? பழைய முறைமையை அப்படியே தூக்கி மேகத்தில் வைத்தால், அதன் குறைகளும் கூடவே செல்லும். எனவே நெட்பிளிக்ஸ் தனது ஒற்றைப் பெரிய செய்நிரலை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரித்து எழுதியது. ஒன்று பழுதானாலும் ஏனையவை இயங்கும். வாடிக்கையாளர் நேரடியாகப் பாவிக்கும் பகுதிகள் 2015 இற்கு முன்னரே மாற்றப்பட்டன. மிகுந்த பாதுகாப்பை வேண்டிய கட்டணப் பட்டியல் முறைமை இறுதிக் கட்டத்திலேயே மாறியது.

முறைமை அபிவிருத்தி வாழ்க்கை வட்டத்தில் நேரடி, சமாந்தர, முன்னோடி, கட்டம் கட்டமான நிறுவல் என நான்கு முறைகளைக் கற்றீர்கள். இங்கு முறைமை பகுதி பகுதியாக மாறியதால் இது கட்டம் கட்டமான நிறுவலாகும். நேரடி நிறுவலைத் தெரிந்திருந்தால், ஒரு தவறு அனைத்து வாடிக்கையாளரையும் ஒரே நாளில் பாதித்திருக்கும்.

4. எவை மாறின? எவை மாறவில்லை?

வழங்குநரிடம் சென்றவை: கட்டடம், மின்சாரம், குளிரூட்டல், வன்பொருள் பராமரிப்பு.
நிறுவனத்திடமே எஞ்சியவை: செய்நிரலின் தரம், தரவுகளின் பாதுகாப்பு, யாருக்கு எந்த அனுமதி என்ற தீர்மானம், பழுதுக்கு முன்னேற்பாடு.

2012 டிசம்பர் 24 இல், நத்தாருக்கு முதல் நாள், அமேசனின் ஒரு வலயத்தில் கோளாறு ஏற்பட்டது. அமெரிக்கக் கண்டத்தில் பலர் நெட்பிளிக்ஸைப் பார்க்க முடியவில்லை. பழுது அமேசனுடையது, ஆனால் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியது நெட்பிளிக்ஸ். பின்னர் அது, ஒரு வலயம் விழுந்தாலும் மற்றொன்று தாங்கும் வகையில் முறைமையை அமைத்தது. அதற்கு முன்பே, வேலை நேரத்தில் தனது சேவையகங்களைத் தானே எழுமாற்றாக நிறுத்திச் சோதிக்கும் 'கேயொஸ் மங்கி' என்ற மென்பொருளையும் அது உருவாக்கியிருந்தது.

டெவொப்ஸும் கைவிடப்படவில்லை. சேவையகத்தைச் சில நிமிடங்களில் பெற முடிந்ததால், ஒவ்வொரு குழுவும் தான் எழுதியதைத் தானே நிறுவி இயக்குவது இலகுவானது.

கவனிக்க: எல்லாமே மேகத்துக்குச் செல்லவில்லை. திரைப்படக் கோப்புகளைப் பார்வையாளருக்கு அருகிலிருந்து வழங்க, இணையச் சேவை வழங்குநரிடம் வைக்கப்படும் தனது சொந்தப் பெட்டிகளையே நெட்பிளிக்ஸ் பயன்படுத்துகிறது.

மாதிரி வினா

"மேகத்துக்கு மாறிய நிறுவனம் பழுதுகளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை." இக்கூற்றை ஆராய்க. (4 புள்ளிகள்)

விடை: இக்கூற்று தவறானது (1). வன்பொருள் பராமரிப்பை வழங்குநர் பொறுப்பேற்பார் (1). எனினும் வழங்குநரின் வலயத்திலும் கோளாறு ஏற்படலாம். உதாரணம்: 2012 டிசம்பர் 24 (1). ஆகவே தரவுப் பாதுகாப்பும் மாற்று ஏற்பாடும் நிறுவனத்தின் பொறுப்பாகவே இருக்கும் (1).

"ஆராய்க" என்று கேட்டால் "ஆம்", "இல்லை" என்பதோடு நிறுத்த வேண்டாம். வாடகைக்கு எடுக்கக் கூடியது இயந்திரமே; பொறுப்பை வாடகைக்கு எடுக்க முடியாது. இவ்வொரு கருத்தை மனதிற்கொண்டால், வினா எவ்வாறு மாறி வந்தாலும் விடை எழுதலாம்.