படங்களுக்கும் மூலபத்திரம் வேண்டும்

நிலம் வாங்குகிறவர் முதலில் கேட்பது மூலபத்திரம். யாரிடமிருந்து யாருக்கு, எந்த வருஷத்தில், எவ்விதமாகப் பாத்தியதை மாறிற்று என்று வரிசைக்கிரமமாகப் பாராமலும், வில்லங்கம் தேடாமலும் விவேகி எவரும் அரை செண்டு பூமியையும் வாங்கமாட்டார். ஆனால் அதே பூமியின், அதே மலையின், அதே நதியின் பழைய போட்டோப் படத்தைப் பெரும் பொருள் கொடுத்து வாங்குகிறவர்களில் எத்தனை பேர் இக்கேள்வியைக் கேட்கின்றனர்? பழைய இயற்கைக் காட்சிப் படங்களைத் தேடிச் சேகரிப்பது மெச்சத்தக்க காரியமே. ஆயினும் பூர்வோத்தரம் தெரியாத படம் கண்ணுக்கு விருந்தாகுமேயன்றிச் சாட்சியாகாது என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். இங்கிலாந்தில் பாங்கி குமாஸ்தாவாயிருந்த சாமுவேல் போர்ன் என்பவர் 1863-ல் நம் நாட்டிற்கு வந்தார். அவ்வருஷம் ஜூலை 29-ந் தேதி சுமார் 30 கூலியாட்களுடன் சிம்லாவிலிருந்து ஹிமாலயத்திற்குப் புறப்பட்டு, அக்டோபர் 12-ந் தேதி 147 நெகடிவ்களுடன் திரும்பினார். அக்காலத்துப் போட்டோ முறை எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்து, உடனே கழுவியாகவேண்டும். ஆகையால் தகடுகளும், மருந்துகளும், இருட்டறைக் கூடாரமும் அவரோடு மலையேறவேண்டியிருந்தது. 1866-ல் சுமார் 18,600 அடி உயரமுள்ள மாணிரங் கணவாயிலும் அவர் படம் பிடித்தார். அதற்கு மேற்பட்ட உயரத்தில் இருபது வருஷகாலம் எவரும் படம் பிடித்ததில்லை. பின்னர் தென்னாட்டிற்கும் வந்து நீலகிரி முதலிய இடங்களைப் படமெடுத்து, 1870-ல் இந்தியாவை விட்டுச் சென்றார்.

அவர் சென்றார், நெகடிவ்கள் இங்கேயே தங்கின. போர்ன் அண்டு ஷெப்பர்டு கம்பெனியார் அவற்றிலிருந்து பல்லாண்டுகள் பிரதிகள் எடுத்து விற்றனர். எனவே, படம் பிடித்த வருஷம் வேறு, காகிதத்தில் பிரதி எடுத்த வருஷம் வேறு என்பதைச் சேகரிப்போர் முதலில் உணரவேண்டும். இவ்விஷயத்தில் சாட்சிகள் இல்லாமற் போகவில்லை. நெகடிவிலேயே கீறப்பட்ட பெயரும் எண்ணும் பிரதியின் மூலையில் காணப்படும். அவ்வெண்ணைக் கம்பெனியின் விலைஜாபிதாவோடு ஒப்பிட்டால் இடம் இன்னதென்று விளங்கும். படம் ஒட்டிய அட்டையில் கம்பெனியின் பெயர் இருந்தால் அதுவும் பேசும். முதலில் ஹோவர்டு அண்டு போர்ன். பிறகு ஷெப்பர்டும் சேர்ந்தார். ஹோவர்டு விலகியபின்னரே போர்ன் அண்டு ஷெப்பர்டு. ஆயினும் ஒரே சாட்சியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. அட்டையை மாற்றி ஒட்டியிருக்கக்கூடும். கம்பெனியின் பெயரைத் தாங்கிய படங்களெல்லாம் போர்ன் கையால் பிடித்தவையும் அல்ல. ஷெப்பர்டும் அவருக்குப் பின்வந்தோரும் பிடித்தவை பல.

எல்லாவற்றிலும் சிறந்த சாட்சி ஆல்பமே. அக்காலத்து உத்தியோகஸ்தரும் யாத்ரீகரும் படங்களை வாங்கி ஆல்பத்தில் ஒட்டி, அடியில் இடத்தையும் தேதியையும் தம் கையால் குறித்துவைத்தனர். வாங்கியவர் யார், எவ்வழியே பிரயாணம் செய்தார், எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சியை வைத்தார் என்பதெல்லாம் அதில் அடங்கும். இத்தகைய ஆல்பங்களைப் பிரித்து, ஏடு ஏடாக விற்று லாபம் தேடும் வியாபாரிகள் உண்டு. பத்திரத்தைக் கிழித்து முத்திரையை மட்டும் விற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1991-ல் கல்கத்தாவில் அக்கம்பெனியின் கட்டடம் தீப்பற்றி, அங்கிருந்த பழஞ்செல்வத்தில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 2016-ல் கடையும் மூடப்பட்டது. மூலம் அழிந்தபின் சிதறிக் கிடக்கும் பிரதிகளன்றோ நமக்கு எஞ்சிய சாட்சி!

இன்னொன்றும் கூறாமலிருத்தல் நியாயமாகாது. படம் கைமாறிய வரலாற்றை ஏலக்கடையிலிருந்து தொடங்குவது போதாது. முதல் கைகள் கூலிகளுடையவை. வழியில் கூலிகள் சுமையை எறிந்துவிட்டு ஓடியதையும், தாம் தடியெடுத்து அவர்களை அடித்ததையும் போர்ன் தாமே லண்டன் போட்டோப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருக்கிறார். பனிமலையின் அழகை வியப்போர், அப்படத்தைச் சுமந்த முதுகுகளையும் நினைக்கவேண்டும். மூலையில் போர்னின் பெயர் இருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயரேனும் எப்படத்தின் அடியிலும் இல்லை. அந்த வெற்றிடத்தைக் குறிப்பதும் சரித்திரக் கடமையே.

நம்மவரால் இது ஆகாத காரியமன்று. நாடக இயக்குநர் இப்ராஹிம் அல்காஸி பல்லாண்டுகள் முயன்று திரட்டிய பல்லாயிரம் பழம் படங்கள் இன்று டில்லியில் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன. அவ்வளவு பொருள் எல்லோருக்கும் இராது. ஆனால் வாசகர்கள் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வீட்டுப் பரணில் பழைய ஆல்பம் இருந்தால் அதைப் பிரிக்காதீர்கள். ஒட்டிய படத்தை உரிக்காதீர்கள். அது யாரிடமிருந்து, எப்போது, எவ்விதம் வந்ததென்று முதியோரைக் கேட்டுத் தனிக் காகிதத்தில் எழுதி உடன் வையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அக்காகிதமே அப்படத்தின் மூலபத்திரம்.