மேழியின் வேலையைச் செய்யும் தண்டு

தென்காசி வட்டாரத்தின் நெல் சாகுபடி கார், பிசானம் என்னும் இரு பருவங்களைச் சார்ந்து நடைபெறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலால் குற்றால அருவிகளும் சிற்றாறும் பெருகும் ஜூன் மாதத்தை ஒட்டிக் கார் பருவ உழவும், வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கிப் பிசான உழவும் தொடங்குகின்றன. கால்வாயில் தண்ணீர் வந்த சில வாரங்களுக்குள் தொழி அடித்து நடவை முடித்தாக வேண்டும் என்பதால், வாடகை டிராக்டர்களுக்கு அந்நாட்களில் ஓய்வு கிடைப்பதில்லை. மலையடிவாரத்தில் இலஞ்சி, மேலகரம் பக்கத்து நன்செய்களில் சேற்றுழவு செய்யும் அதே வண்டி, சில நாட்களில் ஆலங்குளம் பகுதியின் செம்மண் புன்செய்க்கோ சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலுக்கோ தென்னந்தோப்பு ஒன்றின் இடையுழவுக்கோ போக நேரிடுகிறது. மண்ணும் கருவியும் இவ்வாறு அடிக்கடி மாறும் இடத்தில், டிராக்டரின் பின்புறம் இருக்கும் ஒரு சிறு உறுப்பு தன் அளவுக்கு மீறிய முக்கியத்துவம் பெறுகிறது. உழவரும் பட்டறைக்காரரும் 'டாப் லிங்க்' என்று அழைக்கும் மேல் இணைப்புத் தண்டே அது.

டிராக்டரில் கருவிகள் மூன்று புள்ளிகளில் மாட்டப்படுகின்றன. கீழே இருபுறமும் உள்ள இரண்டு இணைப்புக் கைகள் கருவியை இழுக்கவும் தூக்கவும் செய்கின்றன. நடுவில், அவற்றுக்கு மேலே உள்ள டாப் லிங்க், அந்தக் கருவி முன்னோ பின்னோ எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த அமைப்பு அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசனின் பெயரோடு பிணைந்தது. அவருடைய பிரிட்டிஷ் காப்புரிமை 1926ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1936இல் அவ்வமைப்புடன் டிராக்டர்கள் விற்பனைக்கு வந்தன. 1939இல் ஹென்றி ஃபோர்டின் 9என் டிராக்டர் அதை உலகறியச் செய்தது. பெர்குசனின் நிறுவனம் 1953இல் மாசி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்து பின்னர் மாசி பெர்குசன் ஆயிற்று. அதன் கூட்டுறவோடு 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்கள் வழியாக அந்த மூன்று புள்ளி இணைப்பு தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்து சேர்ந்தது.

பெர்குசனின் அமைப்பில் டாப் லிங்க் வெறும் தாங்கி அன்று. உழும்போது மண்ணின் எதிர்ப்பு கொழுவைப் பின்னோக்கித் தள்ள, கருவி, கீழ்க் கைகளோடு அதை இணைக்கும் கீழ் ஊசிகளை அச்சாகக் கொண்டு சுழல முயன்று டாப் லிங்கை முன்னோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம் ஒரு சுருள்வில்லின் வழியே ஹைட்ராலிக் வால்வுக்கு எட்ட, மண் கடினமாகும் இடத்தில் கலப்பை சற்றே தானாக உயர்ந்து, இளகும் இடத்தில் மறுபடி இறங்குகிறது. ஆகவே டாப் லிங்க் ஓயாமல் விசை தாங்கும் உறுப்பு என்பதும், அவ்விசை ஒரே திசையில் வருவதில்லை என்பதும் கவனத்துக்குரியவை. கருவி மண்ணுக்குள் இழுபடும்போது அமுக்கப்படும் அதே தண்டு, கருவியைத் தூக்கியவுடன் அதன் எடையால் பின்னோக்கி இழுக்கப்படுகிறது.

தண்டின் நீளத்தில் ஏற்படும் சிறு மாற்றம் எவ்வளவு செய்யும் என்பதை எளிய கணக்கால் காணலாம். முதல் வகை எனப்படும் தர அளவில், கருவியின் கீழ் ஊசிகளுக்கும் மேல் ஊசிக்கும் இடைப்பட்ட உயரம் 460 மில்லிமீட்டர். டாப் லிங்கை 25 மில்லிமீட்டர் குறைத்தால் கருவி ஏறத்தாழ 3 பாகை முன்னே சாயும். முன்வரிசைக் கொழுவுக்கும் பின்வரிசைக் கொழுவுக்கும் 60 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள கல்டிவேட்டரில், முன்வரிசை பின்வரிசையைவிட ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஆழம் இறங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு உழும் வயலில் இது புறக்கணிக்கத்தக்க வேறுபாடு அன்று. ஓட்டுநருக்குச் சீராகத் தோன்றும் உழவு அடியில் மேடும் பள்ளமுமாய் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தொழிற்சாலையிலிருந்து வரும் டாப் லிங்க் பெரும்பாலும் திருகு வகையைச் சேர்ந்தது. நடுவே ஒரு குழலும், அதன் ஒரு முனையில் வலப்புரி மரையும் மறுமுனையில் இடப்புரி மரையும் இருப்பதால், குழலைத் திருப்பினால் இரு முனைகளும் ஒருசேர நீளும் அல்லது குறுகும். குறை அமைப்பில் இல்லை. அதைத் திருப்புவதற்கு ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்க வேண்டியிருப்பதில் இருக்கிறது. முழங்கால் சேற்றில் இறங்கி, மண்ணும் துருவும் ஏறிய மரையோடு மல்லுக்கட்ட யாரும் விரும்புவதில்லை ஆதலால், காலையில் வைத்த சாய்வே மாலைவரை நீடிப்பது வழக்கமாகிவிட்டது. மாட்டு ஏரில் நிலைமை இவ்வாறு இல்லை. மேழி பிடித்த கையின் சிறு அசைவால் உழவர் கொழுவின் சாய்வை அடிக்கு அடி திருத்திக்கொண்டே சென்றார். குதிரைத்திறனைப் பன்மடங்கு பெருக்கிய டிராக்டர், நடக்கும்போதே சாய்வைத் திருத்தும் அந்த வசதியை மட்டும் கைவிட்டுவிட்டது. ஹைட்ராலிக் டாப் லிங்க் மீட்டுத் தருவது இதைத்தான்.

இதில் திருகுக் குழலுக்குப் பதிலாக ஒரு எண்ணெய் உருளை பொருத்தப்படுகிறது. தண்டு இரு திசைகளிலும் விசை தாங்க வேண்டியிருப்பதால், உருளையும் இருபுறமும் எண்ணெய் ஏற்கும் இருவழி வகையாக இருத்தல் வேண்டும். டிப்பர் டிரெய்லரைத் தூக்குவதற்கென ஒரே ஒரு குழாய் இணைப்பு மட்டும் கொண்ட டிராக்டரில் இதை நேரடியாக மாட்ட இயலாது. இரண்டு குழாய்களுக்கும் வழிவிடும், பட்டறைகளில் 'டி.சி. வால்வு' எனப்படும் திசை மாற்று வால்வு வேண்டும். 63 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள உருளை, சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில், வெளித்தள்ளும்போது ஏறத்தாழ 4.7 டன் விசை தரும். உள்ளிழுக்கும்போது நடுத்தண்டு அடைக்கும் பரப்புக் கழிந்து அது குறையும்.

உருளையைவிட முக்கியமானது அதன்மீது அமரும் பூட்டு வால்வு. ஓட்டுநர் லிவரைத் தொடும்வரை எண்ணெய் எப்பக்கமும் நகராதபடி தடுப்பது அதன் வேலை. விலையைக் குறைக்கும் பொருட்டு இந்த வால்வு இல்லாமல் விற்கப்படும் உருளைகளில், உழவின் அழுத்தத்தால் எண்ணெய் சிறிது சிறிதாகப் பின்வாங்கித் தண்டு தானாகக் குறுகும். அதன்பின் கொழு ஆழம் மாறுவதற்கு மண்ணைக் குறை கூறுவதில் பயனில்லை.

தென்காசிச் சூழலில் இதன் பயன் எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மிகுதியான ஆதாயம் நிலத்தைச் சமன்படுத்தும் வேலையிலேயே உள்ளது. பெட்டி வடிவ லெவலரில் தண்டைக் குறுக்கினால் முன் அலகு இறங்கி மேட்டைச் செதுக்கும். நீட்டினால் பின் அலகு இறங்கி, அள்ளிய மண்ணைப் பரப்பி மட்டமாக்கும். மலையடியிலிருந்து கிழக்கே படிப்படியாகத் தாழும் சிறு வயல்களில் ஒவ்வொரு ஓட்டத்திலும் இவ்விரண்டும் மாறி மாறித் தேவைப்படுகின்றன. கோடையில் இறுகிய புன்செயில் சட்டிக் கலப்பையை இறக்கும்போது, தொடக்கத்தில் தண்டைக் குறுக்கி முன்சட்டியை மண்ணுக்குள் செலுத்தி, ஆழம் கிடைத்தபின் நீட்டிச் சமநிலைக்குக் கொண்டுவரலாம். வரப்பைக் கடக்கும்போது தண்டைக் குறுக்கினால் கருவியின் வால்பகுதி உயர்ந்து வரப்பைச் சிதைக்காமல் தாண்டும். கருவி மாற்றும்போது மேல் ஊசித் துளை பொருந்தாமல் கடப்பாரையால் நெம்பும் தொல்லையும் குறைகிறது.

ரோட்டவேட்டரைப் பொறுத்தவரை கதை வேறு. டிராக்டரின் சுழல்விசையை அதற்குக் கொண்டுசெல்லும் தண்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகள் ஏறத்தாழச் சமமான கோணத்தில் இருந்தால்தான் அது அதிராமல் சுழலும். ரோட்டவேட்டரைத் தூக்கிய நிலையில், சுழற்சியை நிறுத்தாமல் லிவரை இழுத்து டாப் லிங்கின் நீளத்தை மாற்றினால், மூட்டின் கோணம் திடீரென மிகுந்து அதன் நடுவில் உள்ள 'கிராஸ்' உடையக்கூடும். உடைந்த தண்டு அருகில் நிற்பவரைத் தாக்கவும் கூடும். எளிதாக மாற்ற முடிகிறது என்பதே இங்கு ஆபத்தாகிவிடுகிறது. இக்கருவிக்குச் சாய்வை ஒருமுறை சரியாக வைத்துவிட்டுத் தொடாமல் இருப்பதே நன்று.

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர். இந்த அளவு நிலத்தில், ஆண்டுக்குச் சில நாள் கல்டிவேட்டர் ஓட்டும் குடும்பத்துக்குத் திருகுத் தண்டே போதும். அதை மசகிட்டு வைத்து, வயலுக்கு வயல் திருப்பிச் சரிசெய்யும் பழக்கமே அதற்குத் தேவை. நாள்தோறும் பல வயல்களில் பல கருவிகளை மாற்றி ஓட்டும் வாடகை வண்டிக்காரருக்கும், கூட்டுறவாக இயந்திரங்களை வைத்து வாடகைக்கு விடும் உழவர் குழுக்களுக்கும் ஹைட்ராலிக் வகை செலவுக்கு ஈடு தரும். வாங்குவோர் பூட்டு வால்வு உண்டா என்பதோடு, உருளை முழுதும் சுருங்கிய நீளத்தையும் முழுதும் நீண்ட அளவையும் பழைய தண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்; சுருங்கிய நிலையிலேயே பழையதைவிட நீளமாக இருக்கும் உருளை எவ்வளவு முயன்றாலும் கலப்பையை முன்சாய்க்காது.

சேற்றுழவில் ஹைட்ராலிக் தண்டின் எதிரி மண் கலந்த நீர். நடுத்தண்டில் ஒட்டிய மணல் உள்ளே இழுபட்டால் சீல் கிழிந்து எண்ணெய் கசியும். ஆகவே அன்றாட வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, இயன்றவரை தண்டை உள்ளிழுத்து நிறுத்துவது வழக்கமாக வேண்டும். கழற்றும்போது கருவியை முழுவதும் தரையில் அமர்த்தி, என்ஜினை அணைத்து, லிவரை இருபுறமும் அசைத்துக் குழாயில் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே குழாயை இணைக்கும் கப்ளரைப் பிரித்து மூடி போட வேண்டும். இல்லையெனில் அடுத்த முறை மாட்டும்போது அழுத்தம் எதிர்த்துக் கப்ளர் உள்ளே நுழையாது.