சந்தாத் தொழிலும் சத்தியமும்

தேசியப் பத்திரிகைகளைத் தாங்கி நின்றவர்கள் சந்தாதாரர்களே என்பதை நேயர்கள் அறிவார்கள். 1906-ல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' வாரப் பத்திரிகை 1908-ல் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வருவது தடுக்கப்படவே, 1910-ல் நின்றுபோயிற்று. சந்தாதாரரை இழந்த தொழில் நிலைக்காது என்னும் இப்பாடம், இன்று மென்பொருளைச் சந்தாவுக்கு அளிக்கப் புகும் நம் வாலிபர்களுக்கும் பொருந்தும்.

இத்தொழில் தமிழருக்குப் புதிதன்று. 1996-ல் அட்வெண்ட்நெட் என்று தொடங்கிய ஸோஹோவும், 2010-ல் தொடங்கி 2021-ல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறிய பிரெஷ்வொர்க்ஸும் சென்னையில் வேரூன்றி உலகெங்கும் சந்தாதாரரைப் பெற்றவை. விழுப்புரம் ஜில்லாவிலும் வானூர் வட்டத்துத் திருச்சிற்றம்பலத்தில் 2024-ல் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. திண்டிவனத்து இளைஞரும் திருவாமாத்தூர் இளைஞரும் இனி சொந்த ஜில்லாவிலேயே இதில் முனையலாம். ஆயினும், முனைகிறவர்கள் விழும் குழிகள் சிலவற்றை எடுத்துக்காட்டுவது நம் கடமை.

முதலாவது, கேளாமற் செய்தல். நெல் மண்டிக்குக் கணக்கு மென்பொருள் எழுதப் புகுந்தவர் மண்டியில் பத்து நாள் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஓராண்டு உழைத்து முடித்தபின், மண்டிக்காரருக்கு வேண்டியது வேறென்று அறிகிறார்.

இரண்டாவது, இலவச மோகம். விலை சொல்லக் கூசுகிறவருக்குத் தம் சரக்கு உண்மையில் வேண்டப்படுகிறதா என்பதே தெரியாது. 1906-ல் தோன்றிய வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்க, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை மிகவும் இறக்கிற்று. முதல் பெருத்தவருக்கு ஆயுதமாவது முதல் சிறுத்தவருக்கு நாசமாகும்.

மூன்றாவது, வருகிறவரை எண்ணிப் போகிறவரை மறத்தல். மாதந்தோறும் நூற்றுக்கு 5 பேர் விலகினால், ஓராண்டில் பழைய 100 பேரில் ஏறக்குறைய 54 பேரே எஞ்சுவர். விளம்பரத்துக்குப் பணம் இறைக்குமுன், விலகியவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

நான்காவது, முன்பணத்தை லாபமென்று மயங்குதல். ஆண்டுச் சந்தா 12,000 ரூபாய் கைக்கு வந்தால், முதல் மாத முடிவில் சம்பாதித்தது 1,000 ரூபாயே; மற்ற 11,000 ரூபாயும் இன்னும் செய்து தீர்க்கவேண்டிய ஊழியத்தின் கடன்.

யாவற்றினும் கொடியது, விலக விரும்புகிறவருக்கு வழியை மறைத்தல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் வெளியிட்ட விதிகள் இத்தகைய சந்தாப் பொறியை நேர்மையற்ற வழக்கமென்று தடுத்திருக்கின்றன. திருவாமாத்தூர்க் கோயிலின் வட்டப்பாறையில் பொய்ச்சத்தியம் செய்தவர் தப்பமாட்டார் என்பது அவ்வூர்ப் பக்கத்தாரின் நெடுநாள் நம்பிக்கை. சந்தா வாங்குவதும் ஒரு சத்தியமே. அதை மாதந்தோறும் காக்கவேண்டும்.

ஆகவே வாலிபர்களே, தகப்பனாரின் நிலத்தை ஈடுவைக்குமுன் பத்துப் பேரிடம் சென்று ஒரு மாதச் சந்தாவைக் கேளுங்கள். அவர்கள் மனமுவந்து கொடுத்தால் தொடங்குங்கள்; கொடாவிடில் நிலமாவது தப்பும்.