பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?



மூட்டுவலி, இடுப்புவலி என்றால் பதுளை - செங்கலடி வீதியில் பஸ் ஏறி, மகாஓயா வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வருகிறவர்கள் நம்மிடையே உண்டு. திருகோணமலைக்குப் போனால் கன்னியாவின் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றாமல் நாம் திரும்புவதில்லை. இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியது என்று அதைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஊற்றுகளை மருந்தாகவும் தெய்வமாகவும் மதிக்கிற நாம், லயத்துப் பக்கத்துப் பீலியை அப்படி மதிக்கிறோமா?

இரண்டும் ஒரே மழைத் தண்ணீர்தான். இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே வெகு ஆழம் இறங்கி, பூமிக்குள் இருக்கும் சூட்டில் காய்ந்து, வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருவதுதான் வெந்நீர் ஊற்று. மகாஓயாவில் அது சுமார் 55 பாகை செல்சியஸ் சூட்டில் வருகிறது. பீலித் தண்ணீர் அவ்வளவு ஆழம் போவதில்லை. மலையின் மேற்பக்கத்து மண்ணில் இறங்கி, பாறை இடுக்கில் தங்கி, கொஞ்சங் கொஞ்சமாகக் கசிந்து கீழே வருகிறது. ஆகவே பீலி வற்றினால் கோளாறு பீலியில் இல்லை. அது தண்ணீர் வருகிற வழியில் இருக்கிறது.

அந்த வழி அறுந்தால் என்ன நடக்கும் என்பதை ஊவாவில் கண்டோம். 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது உள்ளே தண்ணீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன.

வற்றின ஊற்றைத் திரும்பக் கொண்டுவரவும் முடியும். இந்தியாவின் சிக்கிம் மலைநாட்டில் நம்மைப் போலவே ஊற்றை நம்பி வாழும் கிராமத்து ஜனங்கள் அதைச் செய்து காட்டினார்கள். அங்கும் ஊற்று என்றால் தெய்வம் குடியிருக்கும் இடம். 2008இல் மாநில அரசு 'தாரா விகாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஊர் ஆட்களே சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். முதலில் எந்த மலையில் இறங்கும் மழை எந்த ஊற்றுக்கு வருகிறது என்று பார்த்தார்கள். பாறை சாய்ந்திருக்கும் விதத்தைப் பொறுத்து அது மலையின் மறுபக்கமாகவும் இருக்கலாம். பிறகு அங்கே நம் கான் போல மட்டத்துக்குக் குழி வெட்டினார்கள். நாம் கான் வெட்டுவது தண்ணீரை வடிய விட, அவர்கள் வெட்டியது தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்க. இப்படிச் செய்த ஊற்றுகளில், வறட்சி மாதங்களில் நிமிடத்துக்கு 4 லீட்டர் அளவில் வந்த தண்ணீர் 14 லீட்டருக்கு ஏறியது.

இதை வாசித்தவுடன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடாதீர்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. மழை அதிகமாக ஊறிய செங்குத்துச் சரிவு அப்படியே இறங்கிவிடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்துச் சொல்லாமல், லயங்களுக்கு மேலே ஒரு குழிகூட வெட்டக்கூடாது. இதைத் தோட்டத் துரை மூலமாகக் கேட்டுப் பெறலாம்.

அதுவரை நாமே செய்யக்கூடியவை:

1. பீலிக்கு மேலே உள்ள மரங்களை விறகுக்கு வெட்டாதிருப்போம். வெறும் நிலத்தில் மழை ஊறாது, மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும்.

2. மலசலகூடம், மாட்டுப்பட்டி, குப்பை எதுவும் பீலிக்கு மேலே வேண்டாம். மருந்தடிக்கும் டாங்கியைப் பீலியில் கழுவ வேண்டாம்.

3. மாதம் ஒருமுறை, 10 லீட்டர் வாளி நிறைய எத்தனை செக்கன் ஆகிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுதி வைப்போம். பீலி குறைவது வற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும். துரையிடம் பேசப் போகும்போது அந்தக் கொப்பி கையில் இருந்தால் நம் பேச்சுக்குப் பலம்.

4. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்போம். கண்ணுக்குத் தெளிவான தண்ணீரிலும் வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி வரும்.

வெந்நீர் ஊற்றில் குளித்தால் உடம்பு வலி கொஞ்சம் தணியும். சுத்தமான பீலியோ நம் பிள்ளைகளுக்கு நோயே வராமல் காக்கும். திருவிழாவுக்குக் கரகம் பாலிக்கத் தண்ணீர்க் கரைக்குத்தானே போகிறோம்! இவ்வருடத் திருவிழாவுக்கு முன்பே தலைவர்மாரும் மாதர் சங்கமும் வாலிபர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பீலிக்கு மேலே நடந்து பார்த்து, அங்கே என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அதை வைத்து மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் சேர்ந்து பேசுவோம்.