ஐட்லிங்: நின்ற காரில் எஞ்சின் அணையாதிருப்பது எப்படி?

சிக்னலில் நிற்கும் பெட்ரோல் காரின் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்ட பின்னும் எஞ்சின் அணையாமல், பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்றுகள் வரை ஓடிக்கொண்டிருக்கும் நிலையை ஐட்லிங் என்பர். இவ்வேகம் குறைந்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். கூடினால் பெட்ரோல் வீணாகும். வண்டியை நகர்த்தும் வேலையே இல்லாத இந்நிலையைக் கட்டுப்படுத்துவது எளிதன்று. எஞ்சின் பெரும்பாலும் தன் உள் உராய்வை வெல்வதற்கான விசையை மட்டுமே உண்டாக்குவதால், ஏசி கம்ப்ரஸர் இணைவதுகூட அதற்குப் பெருஞ்சுமையாகிறது.

கார்புரேட்டர் வண்டிகளில் மெக்கானிக் திருகிவைத்த ஸ்க்ரூவே இவ்வேகத்தைத் தீர்மானித்தது. பெட்ரோலை ஊசிவாயால் பீய்ச்சும் எஞ்சின்கள் வந்தபின் அப்பொறுப்பு இசியு எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டகத்துக்கு மாறியது. காற்று நுழையும் வாயிலான த்ராட்டில் மூடியிருக்கும்போதும் அதைச் சுற்றிச் செல்லும் சிறு புறவழியில் காற்று உள்ளே போகும். கிராங்க் தண்டின் வேகத்தையும் குளிர்விப்பு நீரின் வெப்பத்தையும் உணரிகள் அறிவிக்க, அதற்கேற்ப இசியு ஒரு வால்வை நகர்த்தி அப்புறவழியை அகட்டவோ குறுக்கவோ செய்கிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் வேகம் 1,200 சுற்றுகளையும் தாண்டிச் சிறிது நேரத்தில் படிப்படியாக இறங்குவது இதனால்தான்.

ஆயினும் காற்றை மட்டும் நம்பினால் போதாது. கூடுதலாக விட்ட காற்று இன்டேக் குழாயை நிரப்பி, சிலிண்டருக்குள் சென்று, அழுத்தப்பட்டு எரிவதற்குள் ஒருசில சுற்றுகள் கடந்துவிடும். தீப்பொறி விழும் கணத்தை மாற்றினாலோ அடுத்த எரிதலிலேயே, அதாவது 750 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுமார் 40 மில்லிநொடிக்குள், பலன் தெரியும். எனவே இசியு சற்று மிகுதியாகக் காற்றை விட்டு, தீப்பொறியை உகந்த கணத்துக்குச் சற்றுப் பிந்தியே விழச்செய்து, விசையில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைத்துக்கொள்கிறது. சுமை ஏறி வேகம் தளரும்போது தீப்பொறியை முன்னுக்கு இழுத்து அந்த இருப்பை வெளிக்கொணர்கிறது. இதற்காகச் சிறிது எரிபொருள் செலவானாலும், இவ்வமைப்பின் மிக நுட்பமான பகுதி இதுவே எனலாம். ஏசி பொத்தானை அழுத்தியதும், பல கார்களில் அச்செய்தி முதலில் இசியுவுக்குச் சென்று, காற்று கூட்டப்பட்ட பிறகே கம்ப்ரஸரின் கிளட்ச் பற்றுகிறது.

அண்மைக்காலக் கார்களில் த்ராட்டில் தகட்டையே மோட்டார் திறந்து மூடுவதால் தனிப் புறவழி தேவைப்படுவதில்லை. தகட்டின் விளிம்பில் கரி படியப் படிய, குறையும் காற்றை ஈடுசெய்யத் தகட்டைச் சற்று அதிகமாகத் திறக்க இசியு கற்றுக்கொள்கிறது. கரியைத் துடைத்த பின்னும் அப்பழைய அளவு நினைவிலிருப்பதால் ஐட்லிங் தாறுமாறாக உயரக்கூடும் என்பதால், துடைத்தபின் அந்நினைவை அழித்துப் புதிதாகக் கற்பிக்கும்படி பல கார்களின் பழுதுபார்ப்புக் கையேடுகள் கூறுகின்றன.