உஷார்! ‘ஐ7, 16 ஜிபி, கேமிங் பிசி’ என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்

கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்திலும், ஆயுத பூஜை, தீபாவளி சமயத்திலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தொடங்கி மதுரை, கோவை வரை கம்ப்யூட்டர் கடைகளில் ஒரே பேச்சுதான். பிள்ளை படிக்கவும் வேண்டும், கேம் விளையாடவும் வேண்டும். எதை வாங்குவது? ஒரு பக்கம், திரைக்குப் பின்னாலேயே மொத்த கம்ப்யூட்டரும் அடங்கிய ஆல்-இன்-ஒன். இன்னொரு பக்கம், பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்யும் கேமிங் பிசி. இரண்டையும் விற்பதற்குக் கடைக்காரர் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: “ஐ7 சார், 16 ஜிபி ராம் சார்!”

அந்த வாசகத்தை நம்பி முன்பணம்கூடக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குள் என்ன வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம். அறுபதாயிரம், எண்பதாயிரம் என்று குடும்பம் சேர்த்த பணம் தொலைவது இங்கேதான்.

ஒரே பெயர், வேறு வேறு சிப்

இன்டெல் 12-ஆம் தலைமுறையில் ஐ7-12700 என்று ஒரு ப்ராசசர் உண்டு. 12 கோர்கள், அவற்றில் 8 பெரிய, வேகமான கோர்கள். அடிப்படை மின்சக்தி 65 வாட், முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும். அதே தலைமுறையில் ஐ7-1255யூ என்றும் ஒன்று உண்டு. இதில் 10 கோர்கள் இருந்தாலும் பெரிய கோர்கள் இரண்டே இரண்டுதான். 15 வாட்டில் ஓடும்படி மெல்லிய லேப்டாப்புக்காகச் செய்தது. இரண்டின் மீதும் ‘ஐ7’ ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். ஆல்-இன்-ஒன்களில் பெரும்பாலும் இரண்டாவது ரகம்தான் வருகிறது, ஏனென்றால் அந்த ஒல்லியான உடம்புக்குள் அதிகச் சூட்டை வெளியேற்ற வழியில்லை.

ஏஎம்டியிலும் இதே கதைதான். 2022-இல் வந்த ரைசன் 5 7520யூ, பெயரில் ‘7’ இருப்பதால் புத்தம் புதிது போலத் தெரியும். உள்ளே இருப்பதோ 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, அதுவும் நான்கே கோர்கள்.

ஆகவே ‘ஐ5’, ‘ஐ7’, ‘ரைசன் 5’ என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதற்குப் பிறகு வரும் எண்ணையும் கடைசி எழுத்தையும் கேளுங்கள். கடைசியில் ‘யூ’ என்று இருந்தால், அது கேமுக்கான சிப் அல்ல.

ஆல்-இன்-ஒன்: பிறகு திருத்த முடியாத முடிவு

பார்க்க அழகு, ஒயர் தொல்லை இல்லை, மேசையில் இடம் மிச்சம். எல்லாம் உண்மை. ஆனால் பில் போட்ட பிறகு மனம் மாறினால் செய்ய ஏதுமில்லை.

முதல் ஆபத்து, கிராபிக்ஸ் கார்டு. பெரும்பாலான ஆல்-இன்-ஒன்களில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பின்னால் சேர்க்க ஸ்லாட்டும் கிடையாது. வேலரன்ட் போன்ற லேசான கேம் ஓடலாம். ஆனால் 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’, 2025-இல் வந்த ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ போன்றவை ரே ட்ரேசிங் வசதியுள்ள கார்டு இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கின்றன. குறைந்தது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் போன்ற ஒரு கார்டு வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஒரு கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஆல்-இன்-ஒன் வாங்காதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றவே முடியாது.

இரண்டாவது, திரை. பேனல் உடைந்தாலோ கோடு விழுந்தாலோ மொத்த கம்ப்யூட்டரும் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். மாறாக, உள்ளே போர்டு போனால் நல்ல திரையும் வீணாகும். வெளியிலிருந்து எச்டிஎம்ஐ வாங்கும் வசதி பல மாடல்களில் இல்லாததால் அதை மானிட்டராகக்கூடப் பயன்படுத்த முடியாது. விலை உயர்ந்த ஐமேக்கும் விதிவிலக்கல்ல. போதாததற்கு, 2021-இல் வந்த எம்1 ஐமேக் முதல் மெமரியும் சிப்போடு சேர்ந்தே வருகிறது. வாங்கும்போது எடுத்த அளவுதான் கடைசிவரை.

மூன்றாவது, ராம். 16 ஜிபி என்பது ஒரே குச்சியா, இரண்டு 8 ஜிபி குச்சிகளா என்று கேளுங்கள். தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராபிக்ஸும் இந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே குச்சி என்றால் தரவு போய்வரும் பாதை பாதியாகிவிடும், கேமின் வேகம் கண்கூடாகக் குறையும்.

டாலி, பில்லிங், ஆன்லைன் வகுப்பு, வீடியோ கால் ஆகியவைதான் வேலை என்றால் ஆல்-இன்-ஒன் தாராளமாக வாங்கலாம். ‘கேமும் ஓடும் சார்’ என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

அசெம்பிள் பிசி: இங்கேதான் வலை அதிகம்

கேம்தான் முக்கியம் என்றால் அசெம்பிள் செய்வதே சரி. எந்தப் பாகத்தையும் தனித்தனியாக மாற்றலாம். 2017-இல் ஏஎம்டியின் ஏஎம்4 வகை மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை அப்டேட் செய்துவிட்டு 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை அதே போர்டில் போட்டு ஓட்டுகிறார்கள். ஆனால் சுதந்திரம் இருக்கும் இடத்தில்தான் ஏமாற்றவும் இடம் இருக்கிறது.

*பழைய ஐ7.* “ஐ7, 16 ஜிபி, கலர் கலராய் லைட்டு, வெறும் இருபதாயிரம்” என்று விளம்பரம் வந்தால் தள்ளி நில்லுங்கள். உள்ளே 2011-இன் ஐ7-2600 அல்லது 2012-இன் ஐ7-3770 இருக்கலாம், புதிதாகச் செய்த எச்61 போர்டில் பொருத்தி. கேபினட் மட்டும்தான் புதுசு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்பது, ஒருசில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பார்கள். அப்போது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகள் இல்லை என்று வேலரன்டே திறக்க மறுக்கும்.

*எஸ்எம்பிஎஸ்.* பாகங்களுக்கு மின்சாரம் தரும் இந்தப் பெட்டியில்தான், பேரத்தில் விலையைக் குறைக்கக் கடைக்காரர் முதலில் கைவைப்பார். கேபினட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ டப்பாவில் அந்த வாட் பெரும்பாலும் ஸ்டிக்கரில் மட்டுமே இருக்கும். மட்டமான எஸ்எம்பிஎஸ் வெடித்தால் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். பெயர் பெற்ற கம்பெனியிலும் இது நடந்திருக்கிறது. ஜிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் எஸ்எம்பிஎஸ்கள் சோதனைகளில் வெடித்ததை அடுத்து, 2021 ஆகஸ்டில் அந்த நிறுவனமே மாற்றித் தர முன்வந்தது. மின்சிக்கனத்துக்கான 80 பிளஸ் முத்திரை வேண்டும். அது மட்டும் போதாது, அந்த மாடலின் பரிசோதனை அறிக்கையையும் தேடிப் படியுங்கள்.

*கிராபிக்ஸ் கார்டு.* இங்கேயும் பெயர் ஏமாற்றும். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி மாடலுக்கு 2,560 கோர்கள். 6 ஜிபி மாடலுக்கு 2,304 தான், மெமரிப் பாதையும் குறுகல். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-யிலும் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு உண்டு. செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னும் கவனம். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங் நின்றபோது, இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. பழைய ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை மாற்றி ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ’ என்று காட்டும் மோசடி பெருகியதால், ஜிபியூ-இசட் மென்பொருளில் 2018-இல் போலியைக் கண்டுபிடிக்கும் வசதியே சேர்க்கப்பட்டது.

*செகண்ட் ஹேண்ட் ப்ராசசர்.* இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் பல, அதிக மின்னழுத்தத்தால் உள்ளுக்குள் பழுதாவதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. பயாஸ் அப்டேட் கொடுத்தது, வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே பழுதானதை அந்த அப்டேட் சரிசெய்யாது. பில் இல்லாத பழைய ஐ9 சல்லிசாக வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

*ராம்.* 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை தாறுமாறாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற தன் சில்லறை விற்பனையையே கைவிடுவதாக அறிவித்தது. விலை ஏறும்போதெல்லாம் பழைய குச்சியைத் துடைத்துப் புதுசு என்று விற்பவர்களும் பெருகுவார்கள். சீல் உடையாத பெட்டி உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும்.

*யுபிஎஸ்.* வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். 200 வாட் கார்டு, 150 வாட் ப்ராசசர், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் கரன்ட் போன அந்த நொடியே அதுவும் படுத்துவிடும். யுபிஎஸ் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

பணம் கட்டும் முன்

1. ப்ராசசர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் ஆறுக்கும் முழு மாடல் எண்ணோடு கொட்டேஷன் எழுதி வாங்குங்கள்.

2. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு எண்ணையும் நெட்டில் தேடி, வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். அன்றே வாங்க வேண்டும் என்று அவசரப்படுத்தினால் அதுவே எச்சரிக்கை மணி.

3. அசெம்பிள் ஆனதும் கடையிலேயே சிபியூ-இசட், ஜிபியூ-இசட் இரண்டையும் ஓடவிட்டு, கொட்டேஷனோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேரமாவது கேம் ஓடட்டும்.

4. பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் மிச்சம் என்பார்கள். பில் போனால் வாரன்டி உரிமையும் போச்சு. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பெட்டிகளையும் வாங்கி வாருங்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். ஆனால் அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கொட்டேஷனும் பில்லும்தான்.

முழு மாடல் எண்ணை எழுதித் தர ஒரு கடை தயங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கிறது.