தட்டில் வளரும் 'தவளைக் கை' மரம்

இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஜப்பானிய மலைச்சரிவுகள் தீப்பற்றியதுபோல் சிவந்துவிடும். எல்லாம் மேப்பிள் மரத்தின் வேலை! அதைக் காண்பதற்கென்றே மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். 'மொமிஜி' என்றும் 'கயேதே' என்றும் அதற்கு அங்கே பெயர். 'தவளைக் கை' என்ற பழஞ்சொல்லே 'கயேதே' ஆனது. விரல் விரித்த அந்த இலையைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும்.

வீட்டுக் கூரைக்கு மேல் வளரக்கூடிய இம்மரத்தை, ஓரிரு அடி உயரத்தில் ஆழமில்லாத தட்டில் நிறுத்தி வைப்பதே 'பொன்சாய்' கலை. 1923-ம் ஆண்டுப் பூகம்பத்தில் டோக்கியோ நகரம் சீர்குலைந்தபின், பொன்சாய் வளர்ப்போர் சிலர் நல்ல மண்ணும் நீரும் தேடி ஓமியாவுக்குப் போனார்கள். 1925-ல் அங்கே ஒரு பொன்சாய் கிராமமே உருவாயிற்று. 2010-ல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

நான்கு வழிகள்

இம்மரத்தைப் பெருக்கும் முறைகள் நமக்குப் புதியவை அல்ல. விதை, போத்து, ஒட்டு, பதியன் ஆகிய நான்குதான்.

சிறகு முளைத்த விதைகளை ஊறவைத்து, ஈரமணலில் கலந்து, மூன்று நான்கு மாதம் 5 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். குளிர்காலம் கழிந்ததாக நம்பினால்தான் விதை முளைக்கும். ஆனால் பிள்ளைகள் தாயைப்போல் இருப்பதில்லை. இலையின் நிறமும் வடிவும் கன்றுக்குக் கன்று மாறும்.

முருங்கைபோல் தடித்த போத்தை நட்டால் வேர் பிடிக்காது. கோடைத் தொடக்கத்தில் இளங்கிளையை நறுக்கி, வேர் ஊக்கி தடவி, ஈரக்காற்றில் வைக்க வேண்டும். ஒட்டுக்கட்டினால் தாயின் குணம் மாறாது. ஆயினும் ஒட்டிய இடம் புடைத்துக்கொண்டு காலமெல்லாம் கண்ணை உறுத்தும்.

ஆகவே பொன்சாய்க்காரர்கள் பெரிதும் விரும்புவது பதியன்தான். மாதுளைக்கும் கொய்யாவுக்கும் நம்மவர் செய்வதுபோல், கிளையின் பருமனைப்போல் ஒன்றரை மடங்கு அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரப்பாசி வைத்துக் கட்டுகிறார்கள். பச்சைப் படலம் சிறிது மிஞ்சினாலும் பட்டை மீண்டும் கூடிவிடும், வேர் வராது. சரியாகச் செய்தால் இரண்டு மூன்று மாதத்தில் சுற்றிலும் வேர் இறங்கும்.

வேரே அழகு

தட்டையான ஓட்டின்மேல் கன்றை வைத்துத் தரையில் நட்டால் வேர்கள் கீழே போகாமல் பக்கவாட்டில் பரவும். அடிமரம் பருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் அங்கேதான் இருக்கும். கிளைகளை வளைக்கக் கட்டும் கம்பியை உரிய நாளில் அவிழ்க்காவிட்டால், மெல்லிய பட்டையில் விழுந்த தழும்பு ஆறப் பல ஆண்டுகள் ஆகும்.

நம் ஊரில்?

சென்னையிலோ மும்பையிலோ இதை வளர்க்க ஆசைப்படுவோர் ஏமாறவே நேரிடும். இலை உதிர்த்து உறங்க இம்மரத்துக்குக் குளிர்காலம் வேண்டும். உறக்கம் கிடைக்காத மரம் ஆண்டுக்காண்டு மெலிந்து பட்டுப்போகும். சிம்லா போன்ற மலை ஊர்களில் முயலலாம். சமவெளியில் இருப்போருக்கு ஆலும் அத்தியும் புளியும் இருக்கின்றன. தட்டுக்கு அவையும் இணங்கும்.

விதை போட்டவரே முதிர்ந்த மரத்தைப் பார்ப்பது அரிது. தந்தை தொடங்கியதை மகன் தொடர்கிறான். ஒரு கோடையில் சில நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் போதும், இரண்டு தலைமுறை உழைப்பும் கருகிவிடும்.